அமிகா எமுலேட்டர்: காசு கொடுத்தால் எது கிடைக்கும்?

கேள்வி இதுதான். கமடோர் நிறுவனத்தின் பழைய அமிகா 500 கணினி ஒன்று இருக்கிறது, கூடவே ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பிகள். அவற்றில் கேம்களும் உண்டு, அந்தக் காலத்தில் சொந்தமாக வரைந்த படங்களும் போட்ட இசையும் உண்டு. அதையெல்லாம் இப்போது விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க ஆசை. பழைய கணினி மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருளைத்தான் எமுலேட்டர் என்கிறோம். அதில் வின்யூஏஇ இலவசமாகக் கிடைக்கிறது. அமிகா ஃபாரெவருக்குக் காசு கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்கினால் இன்னும் நன்றாக ஓடுமா?

ஓடாது. காரணம் எளிது: அமிகா ஃபாரெவர் என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புக்கு உள்ளே இயங்கும் எஞ்சினும் பெரும்பாலும் அதே வின்யூஏஇதான். க்ளோவான்டோ நிறுவனம் 1997 முதல் இந்தத் தொகுப்பை விற்று வருகிறது. அவர்கள் தனியாக ஒரு எமுலேட்டர் எழுதவில்லை. இருக்கிற இலவச எமுலேட்டரை எடுத்து, அதன் மேல் எளிதாக ஓட்ட உதவும் தங்கள் பிளேயரைப் போட்டு, கூடவே மிக முக்கியமான இன்னொரு பொருளையும் வைத்துத் தருகிறார்கள். அந்த இன்னொரு பொருளுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அது உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

அந்தப் பொருள் கிக்ஸ்டார்ட் ரோம். அமிகா 500-ஐத் திறந்தால் உள்ளே மதர்போர்டில் ஒரு ரோம் சிப் இருக்கும். இயங்குதளத்தின் அடிப்பகுதி முழுவதும் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கிக்ஸ்டார்ட் 1.3 என்றால் 256 கேபி. 1992-இல் வந்த அமிகா 1200-இன் காலத்துக்கு வந்தால் 512 கேபி. எமுலேட்டர் என்பது 68000 பிராசஸர், அக்னஸ், டெனிஸ், பாலா என்ற மூன்று சிப்கள், ஃப்ளாப்பி டிரைவ் எல்லாம் சேர்ந்து செய்த வேலையை மென்பொருளாகச் செய்து காட்டுவது. அந்தச் சிப்கள் செய்த வேலையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் புதிதாக நிரல் எழுதலாம். ஆனால் ரோமுக்குள் இருப்பது கமடோர் நிறுவனம் எழுதிய நிரல். கமடோர் 1994 ஏப்ரலில் திவாலானது. அதோடு அந்த உரிமை காற்றில் கரைந்துவிடவில்லை. கைமாறிக் கைமாறி இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் வின்யூஏஇயைத் தரவிறக்கினால் கிக்ஸ்டார்ட் அதில் இருக்காது. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வரும் எமுலேட்டருடன் அடுத்தவர் ரோமை அவர்கள் சேர்த்துத் தர முடியாது.

எல்லாப் பழைய கணினிக்கும் நிலைமை இப்படி இல்லை. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் ரோம் உரிமை ஆம்ஸ்ட்ராட்டிடம் இருந்தது. 1999-இல் அவர்கள், எமுலேட்டரோடு ரோமைச் சேர்த்து வழங்கலாம் என்று வெளிப்படையாக அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதனால் ஃப்யூஸ் மாதிரி ஓர் இலவச எமுலேட்டரை நிறுவினால் உடனே ஓடும். ஸ்பெக்டாகுலேட்டரைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அதன் சொகுசுக்காக வாங்கினார்கள், சட்டத்துக்காக இல்லை. கமடோர் 64-க்கு வைஸ் என்ற இலவச எமுலேட்டர் ரோம்களோடேயே வருகிறது. ஏகோர்ன் கணினிகள் பக்கம் பார்த்தால், அவற்றின் இயங்குதளமான ரிஸ்க் ஓஎஸ் 5-இன் மூல நிரல் 2018-இல் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியதால் ஆர்பிசிஎமு என்ற இலவச எமுலேட்டருக்குச் சட்டப்படியான ரோம் கிடைக்கிறது. ஆக, இலவசமா, காசா என்ற கேள்விக்கு எல்லா இயந்திரத்துக்கும் ஒரே பதில் இல்லை. எமுலேட்டரின் தரத்தைப் பார்ப்பதற்கு முன் ரோம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, அமிகாவுக்கு வருவோம். ரோம் இல்லாமலேயே வின்யூஏஇயைத் திறந்தால் என்ன ஆகும்? ஒன்றும் வெடித்துவிடாது. அதற்குள் ஆரோஸ் என்ற மாற்று ரோம் இருக்கிறது. அமிகா இயங்குதளத்தை முதலிலிருந்து புதிதாக எழுதிய திறந்த மூலத் திட்டம் அது. யாருடைய அனுமதியும் தேவையில்லை. எஃப்எஸ்-யூஏஇ என்ற இன்னொரு இலவச எமுலேட்டரும் இதையே பயன்படுத்துகிறது. வின்யூஏஇயின் குவிக்ஸ்டார்ட் பக்கத்தில் அமிகா 500-ஐத் தேர்ந்தெடுத்து, முதல் ஃப்ளாப்பி டிரைவைக் குறிக்கும் டிஎஃப்0 என்ற இடத்தில் ஓர் ஏடிஎஃப் கோப்பை (ஒரு ஃப்ளாப்பியின் நகல்) போட்டு, ஸ்டார்ட் அழுத்துங்கள். இயங்குதளத்தைக் கண்டுகொள்ளாமல் நேரடியாகச் சிப்களோடு பேசும் கேம் என்றால் நன்றாகவே ஓட வாய்ப்பு இருக்கிறது. 1980-களின் இறுதியில் வந்த கேம்கள் பல இந்த ரகம்தான். ஆனால் ஆரோஸ் அசலைவிட அதிக நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். 512 கேபி சிப் ரேமில் (அந்தச் சிப்கள் பயன்படுத்தும் நினைவகம்) ஒவ்வொரு பைட்டையும் எண்ணிப் பயன்படுத்திய கேமுக்கு அது போதாமல் போகும். திரை கறுப்பாகவே நிற்கும். 1.3-இன் ஏதோ ஒரு குணத்தை, சில சமயம் அதன் பிழையையே, நம்பி எழுதப்பட்ட நிரல்களும் இதில் தடுமாறும். அமிகாவின் டெஸ்க்டாப்பான வொர்க்பெஞ்சில் ஓடும் சொந்தப் பயன்பாட்டு மென்பொருள் என்றால் ஆரோஸை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் நாள் தொட்டுப் பார்க்க அது போதும், அவ்வளவுதான்.

அசல் கிக்ஸ்டார்ட் சட்டப்படி கைக்கு வர மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, அமிகா ஃபாரெவர். இதில் வேல்யூ, பிளஸ், பிரீமியம் என்று மூன்று பதிப்புகள். வேல்யூவில் ரோம்கள் குறைவு; எல்லா முக்கியமான பதிப்புகளும் வேண்டுமென்றால் பிளஸ் எடுக்க வேண்டும். பிரீமியத்தில் கூடுதலாக வருவது பெரும்பாலும் அமிகா வரலாறு குறித்த வீடியோக்கள். அவற்றில் ஆர்வம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இயந்திரத்தை ஓட்டுவதில் எந்த வித்தியாசமும் வராது. என் பார்வையில் வாங்குவதானால் பிளஸ்தான். வேல்யூவை வாங்கிவிட்டு, பிறகு 3.1 ரோம் வேண்டும் என்று திரும்ப வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: வாங்கிய ரோம்களை அவர்களுடைய பிளேயரிலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோப்புகளை எடுத்து நேரடியாக வின்யூஏஇக்குக் கொடுக்கலாம். பாத்ஸ் பக்கத்தில் ரோம் கோப்புறையைக் காட்டி ரீஸ்கேன் அழுத்தினால் எந்தெந்தப் பதிப்பு இருக்கிறது என்று அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். ரோம் கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் கூடவே ரோம் கீ என்ற சிறு கோப்பு இருக்கும். அதையும் அதே கோப்புறையில் போட மறக்காதீர்கள். அது இல்லாமல் ரோம் திறக்காது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி, ஏனென்றால் அந்த பிளேயர் விண்டோஸுக்கானது. ரோம்களை எஃப்எஸ்-யூஏஇக்கோ ராஸ்பெர்ரி பையில் ஓடும் அமிபெர்ரிக்கோ கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பிளேயரின் ஆர்பி9 கோப்பு வடிவமும் உங்களைப் பூட்டி வைக்காது. அதன் உள்ளே இருப்பது சாதாரண ஜிப் தொகுப்பு. பிரித்தால் ஏடிஎஃப் கோப்புகளும், எந்த அமிகா, எவ்வளவு நினைவகம் என்று சொல்லும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பும் வெளியே வரும். பின்னால் மனம் மாறினாலும் கொடுத்த காசு வீணாகாது என்பதால்தான் இந்தத் தொகுப்பை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது வழி, ஹைப்பீரியன் நிறுவனம் விற்கும் அமிகா ஓஎஸ் 3.2. 2021-இல் வந்தது. பழைய 68000 வகை இயந்திரங்களுக்கே புதிதாக மேம்படுத்தப்பட்ட இயங்குதளம், அதற்கான ரோம் கோப்புகளும் உள்ளேயே உண்டு. வொர்க்பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்ய விரும்புபவருக்கு இது அருமையான பொருள். பழைய கேம்களுக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். 1988-இல் வந்த கேம் 1.3-ஐ எதிர்பார்க்கும், அதற்கு 3.2-ஐக் கொடுத்தால் சில ஓடும், சில முரண்டு பிடிக்கும். க்ளோவான்டோவுக்கும் ஹைப்பீரியனுக்கும் இடையே உரிமை குறித்து அமெரிக்க நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்தது தனிக் கதை. யார் பக்கம் நியாயம் என்று விவாதிக்க ஆரம்பித்தால் அமிகாக்காரர்கள் சாப்பாட்டையே மறந்துவிடுவார்கள். வாங்குகிற உங்களுக்கு அது தேவையில்லை.

மூன்றாவது வழிதான் உங்கள் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்துவது: உங்கள் அமிகா 500-இல் இருக்கும் ரோமை நீங்களே படியெடுப்பது. சொந்த இயந்திரத்திலிருந்து படியெடுத்து வைத்துக்கொள்வதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்முறை கடினமில்லை. ரோமைப் படித்து ஃப்ளாப்பியில் கோப்பாக எழுதித் தரும் கிராப்கிக் போன்ற சிறு நிரல்கள் இலவசமாகவே இருக்கின்றன. 1.3 என்றால் வெளியே வரும் கோப்பின் அளவு சரியாக 2,62,144 பைட். அது வேறு எண்ணாக இருந்தால் படியெடுத்ததில் ஏதோ தவறு. உங்கள் இயந்திரத்தில் 1.2 இருக்கவும் கூடும்; பெரும்பாலான கேம்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

அந்த நிரலை அமிகாவுக்குள் எப்படிக் கொண்டுபோவது, வந்த ஃப்ளாப்பியை லேப்டாப்பில் எப்படிப் படிப்பது? இங்கேதான் உண்மையாகவே செலவு செய்ய வேண்டிய இடம் வருகிறது, அது எந்த எமுலேட்டர் விலையிலும் அடங்காது. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை வாங்கி அமிகா ஃப்ளாப்பியைப் போட்டால், ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே ஃப்ளாப்பியை வெளியே எடுங்கள். பிசி டிரைவ் கன்ட்ரோலர் செக்டர் செக்டராக (சிறு சிறு துண்டாக) தேடும். அமிகாவோ ஒரு டிராக் (வட்டின் ஒரு சுற்று) முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும். ஒரு டிராக்கில் 11 செக்டர், பக்கத்துக்கு 80 டிராக், இரண்டு பக்கம், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 9,01,120 பைட் வரும். அதாவது 880 கேபி. ஏடிஎஃப் கோப்பின் அளவும் அதுதான். இந்த அமைப்பைச் சாதாரண யூஎஸ்பி டிரைவால் படிக்கவே முடியாது.

இதற்கு கிரீஸ்வீசல் என்ற சிறிய போர்டு வேண்டும். விலை அதிகமில்லை, வடிவமைப்பும் மென்பொருளும் திறந்தவை. இதோடு பழைய டெஸ்க்டாப்பில் இருந்த 34 பின் கேபிள் டிரைவ் ஒன்றைச் சேர்த்தால், வட்டின் மேல் இருக்கும் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்து தரும். எழுதவும் செய்யும்; அதனால் கிராப்கிக் இருக்கும் ஃப்ளாப்பியைத் தயார் செய்வதும் இதிலேயே நடக்கும். வின்யூஏஇயில் ஃப்ளாப்பிபிரிட்ஜ் என்ற இணைப்பு வழியாக இந்த டிரைவை நேரடியாக எமுலேட்டருக்கே கொடுத்து, அசல் ஃப்ளாப்பியைப் போட்டுக் கேமை ஓட்டவும் முடியும். டிரைவ் டொக்டொக்கென்று சத்தம் போட லேப்டாப் திரையில் கேம் ஏறுவதைப் பார்ப்பது தனி சுகம்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் பழகிய ஃப்ளாப்பியை அப்படித் தேய்க்காதீர்கள். ஒரு முறை படித்து, கோப்பாகச் சேமித்து, வட்டை உறையில் போட்டு வையுங்கள்.

கடையில் வாங்கிய அசல் கேம் வட்டுகளில் இன்னொரு சிக்கல். நகலெடுப்பதைத் தடுக்க, சில டிராக்குகளை வேண்டுமென்றே விதிக்கு மாறாக எழுதியிருப்பார்கள். ஏடிஎஃப் கோப்பு ஒழுங்கான 11 செக்டரை மட்டுமே வைத்துக்கொள்ளும், அந்தத் தில்லுமுல்லு அதில் ஏறாது. இப்படிப்பட்ட வட்டுகளை எஸ்சிபி போன்ற முழுப் பதிவாகச் சேமியுங்கள். வின்யூஏஇ அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

உங்கள் சொந்தப் படங்களும் இசையும்தான் முக்கியம் என்றால் எமுலேட்டரே தேவைப்படாமல் போகலாம். படங்கள் பெரும்பாலும் ஐஎஃப்எஃப் வடிவத்தில் இருக்கும், இர்ஃபான்வியூ திறந்துவிடும். டிராக்கர் என்ற இசை நிரலில் போட்ட மாட் கோப்புகளை விஎல்சி பிளேயரே பாடும். ஏடிஎஃப்பிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்க அமிடூல்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்பு இருக்கிறது. ஆக, ரோமும் வேண்டாம், அமிகா ஃபாரெவரும் வேண்டாம். முதலில் இதை முடித்துவிட்டு அப்புறம் கேம் பக்கம் போங்கள்.

ஓட்டத்தின் தரம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலவசத்தில் ஓட்டிப் பார்த்தேன், படம் திக்கித் திக்கி நகர்கிறது, காசு கொடுத்தால் சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. பால் (PAL) என்ற டிவி முறையில் ஓடும் அமிகா நொடிக்கு 50 படம் காட்டும். உங்கள் லேப்டாப் திரை 60 முறை புதுப்பிக்கும். ஐந்து படத்தை ஆறு இடத்தில் நிரப்ப வேண்டியிருப்பதால் ஒரு படம் இரண்டு முறை வரும், பக்கவாட்டில் நகரும் காட்சி ஒவ்வொரு முறையும் லேசாகத் தடுக்கும். திரையை 50 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். புதுப்பிப்பு வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மானிட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதேபோல அமிகா 500 கேம்களுக்கு பிராசஸரை வேகப்படுத்தும் ஜிட் வசதியைத் தொட வேண்டாம். அது 68020-உம் அதற்கு மேற்பட்டதுமான பிராசஸர்களுக்கு, வொர்க்பெஞ்சில் கனமான வேலை செய்பவர்களுக்கு. ஃப்ளாப்பி வேகத்தையும் 100 சதவீதத்திலேயே விட்டுவிடுங்கள். டர்போ போட்டால் வேகமாக ஏறும்தான், ஆனால் டிரைவின் நேரத்தை அளந்து பார்க்கும் கேம் பாதியில் நின்றுவிடும்.

அப்படியானால் பிளேயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. வின்யூஏஇயின் அமைப்புப் பக்கங்களைப் பார்த்தால் விமானி அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சிப் ரேம், ஸ்லோ ரேம், ஓசிஎஸ்ஸா ஈசிஎஸ்ஸா, சைக்கிள் எக்ஸாக்ட் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போகும். குவிக்ஸ்டார்ட் பக்கம் இதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அதையும் பார்க்க விரும்பாத ஒருவருக்கு, இரட்டைச் சொடுக்கில் வொர்க்பெஞ்ச் 1.3-உம் 3.1-உம் திறந்து நிற்பது பெரிய விஷயம். வெறும் ரோமோடு வொர்க்பெஞ்ச் வட்டுகளும் சட்டப்படி சேர்ந்து வருவதை மறக்கக் கூடாது. நீங்களே ரோமைப் படியெடுத்தாலும் உங்கள் வொர்க்பெஞ்ச் ஃப்ளாப்பி கெட்டுப்போயிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். டபிள்யூஎச்டிலோட் வழியாகக் கேம்களை ஹார்ட் டிஸ்கில் போட்டு விளையாட நினைத்தாலும் 3.1 போன்ற ஒரு ரோமும், கூடவே பல கேம்களுக்கு 1.3 ரோம் கோப்பும் கேட்கும். டபிள்யூஎச்டிலோட் முன்பு காசுக்கு இருந்தது, 2016 முதல் இலவசம். ரோம் மட்டும் இலவசமாகவில்லை.

காசே கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான கேம்களோடு எல்லாம் தயார் என்று மெமரி கார்டில் ஏற்றி விற்பார்கள். உள்ளே இருப்பது இலவச எமுலேட்டர், யாருடைய அனுமதியும் இல்லாத ரோம், அதே போன்ற கேம்கள். ஜிபிஎல் மென்பொருளை விற்பது தவறில்லை, ஆனால் அவர்கள் விற்பது அதை அல்லவே. உங்கள் பணத்தில் ஒரு பைசாகூட எமுலேட்டர் எழுதியவருக்கோ ரோம் உரிமையாளருக்கோ போகாது. பெட்டியாகவே வேண்டும் என்பவர்களுக்கு 2022-இல் வந்த தி ஏ500 மினி இருக்கிறது. அதற்குள் ஓடுவது அமிபெர்ரி, ரோமுக்கு உரிய உரிமம் பெற்றிருக்கிறார்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதலில் வின்யூஏஇயை நிறுவி ஆரோஸோடு ஓட்டிப் பார்த்துக் கைப்பழக்கம் செய்துகொள்வேன். கையில் இருக்கும் காசை கிரீஸ்வீசலில் போட்டு ஃப்ளாப்பிகளைக் காப்பாற்றுவேன், அவை ஒவ்வொரு வருடமும் கெட்டுக்கொண்டே இருக்கின்றன. எமுலேட்டர் எங்கேயும் ஓடிப்போகாது. அமிகா 500 உயிரோடு இருந்தால் ரோமைப் படியெடுப்பேன். அது எழவில்லை என்றாலோ, 3.1 வேண்டும் என்றாலோ அமிகா ஃபாரெவர் பிளஸ்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ரோமைப் படியெடுக்க அவசரமாக மின்சாரத்தைப் போட்டுவிடாதீர்கள். அமிகா 500-ஐத் திருப்பினால் அடியில் ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் ஏ501 நினைவக போர்டு செருகப்பட்டிருந்தால், கடிகாரத்துக்காக அதில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியை சால்டர் செய்து பொருத்தியிருப்பார்கள். இத்தனை வருடத்தில் அது கசிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். பச்சையாகப் பூத்திருந்தால் போர்டை வெளியே எடுத்து, பேட்டரியை வெட்டி நீக்கி, கசிவு கனெக்டர் வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். ரோமைப் படியெடுக்க அந்தப் போர்டு தேவையே இல்லை. அது இல்லாமலே இயந்திரம் எழும்.